தேயிலைப் பஞ்சு அடைத்த ரேடியேட்டர்

தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையின் கார் என் கைக்கு வந்தபோது அதுக்கு இருபது வயசு. உலகச் சண்டைக்கு முந்தி வாங்கினது. கறுப்பு உடம்பு, பித்தளை ரேடியேட்டர். ரேடியேட்டர் மூடிமேல் சின்னதாக ஒரு சூட்டுக் கண்ணாடி. தண்ணி சூடேற ஏற அதில் சிவப்புக் கோடு ஏறும். ஓட்டுகிறவன் சீட்டிலிருந்தே பார்க்கலாம். பின்னால் இருக்கிற தொரையும் பார்க்கலாம்.

அதுக்கு முன்னால் நான் கவ்வாத்து வெட்டினேன். றொசல்லப் பக்கத்து மலை. தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. ஏழு வருசம் வெட்டினேன். பிறகு ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் லாரியில் கிளீனர், அப்புறம் லாரி டிரைவர், கடைசியில் தொரையின் கார். தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்திலிருந்து அந்த சீட்டில் உட்கார்ந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த சீட்டை விட்டுவிட எனக்கு மனசில்லை.

கார் ஒழுகியது. பெரிய ஒழுக்கு இல்லை. காலையில் கராஜைத் திறந்தால் ரேடியேட்டருக்கு நேர் கீழே உள்ளங்கை அளவு ஈரம். ஹட்டனுக்குப் போய் வந்தால் அரைப் போத்தல் தண்ணி குறையும். ரேடியேட்டரில்தான் ஓட்டை என்று நான் நினைத்தேன். பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள்.

ஹட்டன் கார் ஸ்டாண்டில் ஒருத்தர் முட்டை வெள்ளையை ஊத்து என்றார். இன்னொருத்தர் மஞ்சள் தூள் என்றார். அவசரத்துக்கு டிரைவர்மார் செய்கிறதுதான். நான் அவர்களைவிடக் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. ஸ்டோரில் தேயிலையைச் சல்லடையில் அரிக்கிற அறையில் சுவரெல்லாம் செம்பட்டைப் பஞ்சு படியும். தூளும் இல்லை, இலையும் இல்லை, முடி மாதிரி இருக்கும். கூட்டி வெளியே கொட்டுவார்கள். தண்ணி பட்டால் ஊதும், பட்ட இடத்தில் ஒட்டும். அதில் இரண்டு கை அள்ளி ரேடியேட்டருக்குள் போட்டேன். தேயிலைத் தோட்டத்தான் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

ஒழுக்கு நின்றது. மூன்று மாசம் கராஜ் தரை காய்ந்து கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொரையையும் அவர் பெண்சாதி தொரைசாணியையும் கொழும்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். கித்துல்கல தாண்டி ஏற்றம் பிடித்ததும் சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியது. கினிகத்தேனைக்கு இரண்டு வளைவு இருக்கும்போது மூடி குதித்தது. ஆவியில் ரோட்டே தெரியவில்லை. ஓரம் கட்டினேன்.

அங்கே ஒரு சிங்கள முதலாளியின் தேத்தண்ணிக் கடை, பக்கத்தில் மலைத்தண்ணி விழுகிற பீலி. முதலாளி வாளியோடு வந்து, "வத்துர ஓனத?" என்று கேட்டார். தண்ணி வேணுமா என்று. வேணும் என்றேன். ஆறுகிறவரைக்கும் தொரைசாணி கடை வாங்குப் பலகையில் அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்திருந்தாங்க. தொரை ரோட்டில் நடந்தார்.

பங்களாவுக்கு வந்த பிறகுதான் பேசினார். தோட்டத்து தொரைமார் பேசுகிற தமிழ்.

"வெள்ளிக்கிழமை மறுபடி கொழும்பு. வரும்போது இது கொதிச்சா கார் விக்கிறது. புது காருக்கு புது டிரைவர் வரும். நீ மலைக்கு போ."

மலைக்குப் போ என்றால் பழையபடி கவ்வாத்துக் கத்தி. சரிங்க தொரை என்றேன்.

நாலு நாள் இருந்தது. திங்கள் காலையில் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தேன். தண்ணி வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினேன். மை மாதிரிக் கறுப்பாகச் சொட்டியது. தேயிலைச் சாயமும் இரும்புத் துருவும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒழுக்கை அடைக்கப் போட்ட பஞ்சு, தண்ணி போகிற வழியையும் அடைத்துவிட்டது. கொதிக்க வைத்தவன் நான்தான்.

பங்களா சமையல்கார அப்பு சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"என்னா டிரைவரே, தொரைக்கு நான் போடுற டீ போதாதுன்னு காருலயும் போட்டீங்களா?"

"ஆமா."

"சீனி?"

"போடலை."

"அதான் கோவிச்சுக்கிச்சு."

மத்தியானம் சோறு கொண்டுவந்த என் பெண்சாதி அந்தக் கறுப்புத் தண்ணியைப் பார்த்தாள். ஸ்டோரில் பஞ்சு கூட்டுகிறவளே அவள்தான். வாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"நாங்க குப்பையில கொட்டுறத நீங்க அள்ளி இதுக்குள்ள கொட்டுனீங்களா?"

"ம்."

"கவ்வாத்துக் கத்தி கூரையில சொருகிக் கெடக்கு. துருவத் தேச்சு வைக்கவா?"

"வேணாம். சோத்தப் போடு."

சாப்பிட்டுவிட்டு ரேடியேட்டரைக் கழற்றினேன். ஸ்டோருக்குப் பின்னால் மலைத்தண்ணி வேகமாக இறங்குகிற குழாய் ஒன்று உண்டு. அங்கே தூக்கிப்போய்த் தலைகீழாக நிறுத்தினேன். பஞ்சு மேலேயிருந்து போனது. அதனால் தண்ணியைக் கீழ்வாயில் விட வேணும். மேல்வழியாக விட்டால் இன்னும் இறுகும். முதலில் நூல் மாதிரி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு கட்டிக்கட்டியாக விழுந்தது. நடுவில் நிறுத்தி, படுக்க வைத்து, மரக்கட்டையால் தட்டி, மறுபடி விட்டேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரை அதே வேலை. தொடக்கத்தில் ஒரு வாளி தண்ணி இறங்க ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் ஆனது. கடைசியில் பத்து எண்ணுவதற்குள் இறங்கியது. இஞ்சினுக்குள்ளும் குழாயைப் பிடித்துக் கழுவினேன்.

புதன்கிழமை ரேடியேட்டரைத் திரும்பப் பூட்டித் தண்ணி நிறைத்தேன். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் பழைய ஒழுக்கு திரும்பிவிட்டது. அது வரும் என்று எனக்குத் தெரியும். அடைப்பு வேறு, ஒழுக்கு வேறு. இனிமேல்தான் நிஜ வேலை.

சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்க வேணும் என்றில்லை. தண்ணி வழுக்கிக்கொண்டு எங்கேயும் போகும். இஞ்சின் முன்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துக் காயவிட்டேன். அப்புவிடம் கோதுமை மா கேட்டேன்.

"எதுக்கு? இன்னைக்கு கேக்கா?"

"ரெண்டு கரண்டி குடுங்க அப்பு."

"தொரைசாணி கேட்டா காரு தின்னுருச்சுன்னு சொல்லுவேன்."

மாவை ரேடியேட்டர், ஹோஸ், தண்ணிப் பம்பு எல்லாத்திலும் தூவினேன். காற்றாடி மாவை ஊதிவிடும் என்று அதன் பெல்ட்டை முன்னமே கழற்றி வைத்திருந்தேன். பம்பு வேறு பக்கம், தனிப் பல்சக்கரத்தில் ஓடுகிறது. இரண்டு நிமிசம் இஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினேன். ரேடியேட்டர் முழுக்க மா வெள்ளையாகவே இருந்தது. ஒரு புள்ளி ஈரம் இல்லை. பம்பிலிருந்து வெளியே வருகிற தண்டின் கழுத்தில் மட்டும் மா கூழாகியிருந்தது. அங்கேயிருந்து ஒரு ஈரக்கோடு கீழ் ஹோஸ் வழியாக இறங்கி ரேடியேட்டர் அடிக்கு வந்தது. அவ்வளவுதான். ரேடியேட்டர்மேல் பழி போட்டு அதற்குப் பஞ்சு தின்னக் கொடுத்தேன். அது ஒரு பாவமும் செய்யவில்லை.

பம்புக் கழுத்தில் ஒரு நட்டு. அதுக்குள்ளே கயிறு சுற்றியிருக்கும். தண்டு சுத்தும்போது தண்ணி வராமல் கயிறு தடுக்கும். கழற்றிப் பார்த்தேன். கயிறு எலும்பு மாதிரிக் காய்ந்து, பாதி பொடியாகிக் கிடந்தது. ஸ்டோர் ஃபிட்டரிடம் போனேன். அவரிடம் மிசின் பம்புக்குப் போடுகிற பருத்திக் கயிறு இருந்தது. மாட்டுக் கொழுப்பில் ஊற வைத்தது.

"எவ்வளவு வேணும்?"

"நாலு சுத்துக்கு."

"நட்ட இறுக்குறப்ப எந்தப் பக்கம் சுத்துதோ கயித்தையும் அந்தப் பக்கமே சுத்தணும்."

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சவரு பஞ்சு ஏன் போட்டீங்க?"

அதுக்குள்ளே ஸ்டோர் முழுக்கப் பரவியிருந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கயிறு சுற்றி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனர் சாவியால் கால் சுத்து மட்டும் கொடுத்தேன். அதுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒரேயடியாக இறுக்கினால் ஒழுக்கு சுத்தமாக நிற்கும், ஆனால் கயிறு எரிந்து தண்டைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு சொட்டு விழ வேணும். அந்த ஈரத்தில்தான் தண்டு சுகமாகச் சுத்தும். பெல்ட்டை மாட்டினேன். வியாழக்கிழமை ஹட்டனுக்கு ஏறி இறங்கிப் பார்த்தேன். சிவப்புக் கோடு பாதியைத் தாண்டவில்லை. வேலை சரி என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை கொழும்பு போய்த் திரும்பினோம். பின்னால் தொரை, தொரைசாணி, ஒரு தகரப் பெட்டி. கித்துல்கல தாண்டியதும் தொரை முன்னால் குனிந்து உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டைத்தான் பார்க்கிறார். நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பஸ் முன்னால் முக்கிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே ஊர வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஊர்கிறபோதுதான் இஞ்சின் அதிகம் சூடாகும். கோடு முக்கால் வரை வந்தது. தொரைசாணி இங்கிலீசில் என்னவோ கேட்டாங்க. தொரை கையைக் காட்டி நிறுத்தினார். வளைவில் பஸ்ஸை முந்தினேன். காற்றுப் பட்டதும் கோடு இறங்கியது.

தேத்தண்ணிக் கடை முதலாளி எங்களைக் கண்டதும் வாளியை எடுத்துவிட்டார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

பங்களாவில் இறங்கியதும் தொரை உள்ளே போகவில்லை. முழங்காலில் நின்று குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். அந்நேரம் ஒரு சொட்டு விழுந்தது.

"ஒழுகுது."

"ஒழுகணுங்க தொரை."

"என்ன?"

"பம்புக் கயித்துக்கு அந்த ஈரம் வேணுங்க. நிறுத்தினா பம்பு போயிரும். காலையில ஒரு கப்பு தண்ணி ஊத்தினா போதும்."

எழும்பி நின்று என்னையே பார்த்தார்.

"அப்ப முன்ன ஏன் கொதிச்சது?"

ரேடியேட்டர் பழசு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் பம்பைச் சரியாகச் செய்தவன் நான் என்றால் பஞ்சைப் போட்டவனும் நான்தான். இரண்டும் ஒரே கை.

"நான் ஸ்டோர்ப் பஞ்சு போட்டேங்க. ஒழுக்க அடைக்க. அது தண்ணி வழிய அடைச்சிருச்சு."

"டீ பஞ்சு?"

"ஆமாங்க."

அவர் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் இஞ்சின் பானட்டைத் திறக்கச் சொன்னார். பம்புக் கழுத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நட்டு, கயிறு, கால் சுத்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவரே பானட்டை மூடினார்.

"திங்கக்கிழமை எட்டு மணி. ஹட்டன்."

"சரிங்க தொரை."

காரைக் கராஜில் விட்டுவிட்டு லயத்துக்குப் போனேன். பெண்சாதி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னா சொன்னாரு?"

"திங்கக்கிழமை ஹட்டன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"அப்ப அந்த டிரைவர் சட்டையக் கழட்டிக் குடுங்க. நாளைக்குத் துவைச்சாத்தான் இந்தக் குளிருக்குக் காயும்."

கழற்றிக் கொடுத்தேன்.