பஸ் திரும்பும் இடத்துச் சிவப்புக் குச்சிகள்

பதினோரு வருஷமாக ஓல்டர்ஷா ஊரில் ரெக் ஹோல்ராய்டை ஒருவரும் ரெக் என்று கூப்பிட்டதில்லை. புட்டிங் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பப்பில் நுழைந்தால் "வாய்யா புட்டிங்". இறைச்சிக்கடை வரிசையில் நின்றால் "அடுத்து யாரு, புட்டிங்கா?" சொந்த மைத்துனியே கிறிஸ்மஸ் அட்டையில் அப்படித்தான் எழுதி அனுப்பினாள். அந்தப் பெயரை வைத்தவர் மேவிஸ் கிராப்ட்ரீ. தனியாகக் கூப்பிட்டு வைத்திருந்தால் ரெக் பொறுத்துக்கொண்டிருப்பான். ஊர் மண்டபத்தில், அறுபது பேர் முன்னால் வைத்தார். போன வசந்தத்தில் மேவிஸ் இறந்துபோனார். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் யாராவது அவரைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை பேசினால் ரெக் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பான்.

மேவிஸ் பஸ் கண்டக்டர். மலையடிவார டவுனிலிருந்து ஓல்டர்ஷாவுக்கு ஏறி வந்து திரும்பும் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழித்தவர். ஓல்டர்ஷாதான் கடைசி நிறுத்தம். அங்கே பஸ் வட்டமடித்துத் திரும்புகிற இடத்தில், கல்சுவரை ஒட்டி, பிறை வடிவில் ஒரு துண்டு நிலம். மலைத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து ஊறும். கவுன்சில் அதில் ரோஜா வைத்தது, அழுகிப்போயிற்று. பூச்செடி வைத்தது, காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வருஷத்தில் பாதி நாள் சேறு தவிர ஒன்றும் கண்ணில் படாத இடம், இரண்டு குளிர்காலம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் கல் பாவி மூடிவிடுவோம் என்று.

அந்தக் கடிதத்தை வாசித்து மற்றவர்கள் சரிதானே என்றார்கள். மேவிஸ் மட்டும் விடவில்லை. மழையில் அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் ஏழு தடவை பஸ்ஸுக்குள் நின்றவர் அவர். வேலை முடியும் இடத்தில் கண்ணுக்குக் கல் தவிர வேறு ஏதாவது வேண்டும் என்பது அவர் கட்சி.

பஸ் போகும் வழியில் ஒரு பெரிய வீடு. ஜனவரியில் ஊரே சாம்பல் பூத்துக் கிடக்கும்போது அந்த வீட்டுக் குளக்கரையில் மட்டும் டாக்வுட் என்கிற புதர்ச்செடியின் குச்சிகள் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று நிற்கும். மேவிஸ் பத்து வருஷமாக ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தார். அந்த மார்ச்சில் ஒரு நாள், அந்த வீட்டுத் தோட்டக்காரர் வெட்டிய குச்சிகளை வாசலில் குவித்து நெருப்பு வைக்கப் போகிறார். மேவிஸ் மணியை அடித்தார். பஸ் நின்றது. இறங்கிப் போய் ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா மேவிஸ், இங்க நிறுத்தமே கிடையாதே!" என்று டிரைவர் கத்தினாராம்.

"இன்னிக்கு உண்டு. நீ ரோட்டப் பாரு."

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில், ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, சேற்றில் நாற்பது குச்சி குத்திவிட்டார். அந்த நாற்பதில் ஆளுக்குப் பத்தைப் பயணிகளில் இரண்டு பேர் குத்திக் கொடுத்தார்கள். நாற்பதில் முப்பத்தெட்டு வேர்விட்டது. ரோஜாவை அழுகவைத்த அதே தண்ணீர்தான் இதற்குத் தாய்ப்பால்.

முதல் குளிர்காலத்தில் முழங்கால் உயரம். பார்க்க வந்த அதிகாரி, "ஏதோ இருக்கிறது, போதாது" என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் வருஷம் இடுப்பைத் தாண்டிற்று. அக்டோபரில் இலை உதிர்ந்ததும் குச்சியில் சிவப்பு ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் ரெக் வந்தான்.

ரெக் கவுன்சில் தோட்ட வேலைக்காரன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் வெட்டிய புல்தரையில் ஒரு புல் கூடக் கோடு தாண்டி நிற்காது. அக்டோபர் வேலைச் சீட்டில் "புதர்களைச் சீர் செய்க" என்று இருந்தது. புதர் வெட்டும் மோட்டார் இயந்திரத்தை எடுத்தான், முப்பத்தெட்டுச் செடியையும் முப்பத்தெட்டு உருண்டையாக வழித்தான். வெட்டிய குச்சிகளை லாரியில் ஏற்றினான். தூர நின்று பார்த்தான். அவனுக்கு அது அழகாகவே இருந்தது. இந்த நாட்டில் அவனைப் போல எத்தனையோ பேர் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள். மருத்துவமனை வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் போய்ப் பார்த்தால் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் ஊர்க் கூட்டம். மேவிஸ் கண்டக்டர் உடுப்போடு நேராக வந்தார். பையிலிருந்து ஒரு மொட்டைக் கிளையை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இத யாரு பண்ணுனது?"

ரெக் எழுந்தான். "நான்தான். சீட்டுல எழுதியிருந்துச்சு. சுத்தமா இருக்கட்டும்னு பண்ணேன்."

"சுத்தமா! சிவப்பு எதுல வரும் தெரியுமாப்பா ஒனக்கு? இந்த வருஷம் மொளச்ச குச்சியில மட்டும்தான் வரும். அத்தனையும் லாரியில ஏத்திட்ட. பழைய கட்டைய மட்டும் விட்டு வச்சிருக்க. ஜனவரில ஆபீசர் வந்து என்னத்தப் பாப்பாரு? பழுப்பு உருண்டையா முப்பத்தெட்டு கிறிஸ்மஸ் புட்டிங்கப் பாப்பாரு. மேல கொஞ்சம் கிரீம் ஊத்தி வச்சிருந்தா தின்னுட்டாவது போவாரு!"

மண்டபமே சிரித்தது. ரெக்கின் மனைவி பிரெண்டாவும் சிரித்தாள். அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

ஜனவரியில் அதிகாரி வந்தார், பழுப்பு உருண்டைகளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மறுநாளே மேவிஸ் டவுனுக்குப் போய் அவர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தப்பு உங்கள் ஆள் செய்தது, தண்டனை எங்களுக்கா என்று கேட்டார். இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் கிடைத்தது.

மார்ச் கடைசியில் மேவிஸ் கைக்கத்தரியோடு இறங்கி, முப்பத்தெட்டுச் செடியையும் கணுக்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். ஊர் ஓடி வந்தது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். ரெக் இயந்திர வண்டியை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"நான் முடிதான் வெட்டுனேன். நீங்க தலையையே வெட்டிட்டீங்களே."

"வாய மூடிட்டு, எருவுக்குக் கொட்டி வச்சிருக்கற அந்தக் குதிரைச் சாணத்தக் கைவண்டில இங்க தள்ளுப்பா."

ஏன் தள்ளினான் என்று அவனுக்கே தெரியாது. மூன்று வண்டி தள்ளினான்.

மே மாதம் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் எட்டு, பத்துக் குச்சி நேராகக் கிளம்பிற்று. ஓரத்துக் கிளை ஒன்றிரண்டை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார் போல, அவற்றில் ஜூனில் தட்டையான கொத்தாக வெள்ளைப் பூ வந்தது. ஆகஸ்டில் நீலம் கலந்த வெள்ளைக் காய், அதைத் தின்னக் கரும்பறவைகள். செப்டம்பரில் இலை ஒயின் நிறத்துக்கு மாறிற்று. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மழைக்கு ஒதுங்காமல் அதன் பக்கம் போய் நின்றார்கள்.

அக்டோபர் வந்தது. ரெக் கையில் வேலைச் சீட்டு. "புதர்களைச் சீர் செய்க." கீழே செய்து முடித்ததற்குக் கையெழுத்துப் போட ஒரு கட்டம். வண்டியை அந்த வளைவில் நிறுத்தினான். வழித்துவிட்டால் கதை முடிந்தது. வசந்தத்தில் கல் பாவிவிடுவார்கள், சீட்டில் உள்ளதைச் செய்தவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பிறகு இயந்திரத்தை எடுக்காமலே சீட்டில் கையெழுத்துப் போட்டான். உத்தியோகத்தில் அவன் எழுதிய முதல் பொய் அது.

அடுத்த நாள் பஸ் படியில் நின்றபடி மேவிஸ் கேட்டார். "என்னப்பா, இந்தப் பக்கம் ஆளையே காணோம்?"

"மிஷின் ரிப்பேரு."

"நல்ல மிஷின்" என்றார் மேவிஸ். மணியடித்துப் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. வைத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு மதியம் அதிகாரி பஸ்ஸை விட்டு இறங்கினார். வெள்ளைத் தரை, கறுத்த சுவர், நடுவில் ஆளுயரத்துக்கு முன்னூறு சிவப்புக் குச்சி. மனுஷன் குறிப்பேட்டைத் திறக்க மறந்து நின்றார். திரும்பிப் போக வேண்டிய பஸ் அவரை விட்டுவிட்டே போயிற்று. கல் பாவும் பேச்சு அதோடு ஒழிந்தது. அக்டோபர்ச் சீட்டிலிருந்தும் அந்த வளைவை எடுத்துவிட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு மார்ச்சும் மேவிஸ் வெட்டினார். வெட்டிய குச்சிகளைக் கட்டுக் கட்டாகப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஓடைக்கரை இருக்கிற வீட்டிலெல்லாம் ஜனவரியில் சிவப்பு தெரியும். ஒரு விருது இல்லை, பத்திரிகையில் ஒரு வரி இல்லை. அவரும் அதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. கண்டக்டர் வேலையையே ஒழித்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும், மழையானாலும் கத்தரியோடு வந்து குனிந்தார். ரெக் ஒவ்வொரு தடவையும் சாணம் தள்ளினான், ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கினான்.

போன பிப்ரவரியில் மேவிஸ் நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனையில் படுத்தார். ஊரின் பூச்செடிகளைக் கவனிக்கிற அழகுக் குழு கூடிற்று. மேவிஸ் மேலுள்ள மரியாதைக்காக இந்த வருஷம் ஒரு குச்சியைக்கூட யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரெக் மட்டும் கை தூக்கவில்லை. வெட்டாவிட்டால் குச்சி முற்றிப் பழுப்பாகும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் பழையபடி அந்தக் கடிதம் வரும். அது அவனுக்குத் தெரியும்.

பார்வையாளர் நேரத்தில் போய் மேவிஸிடம் சொன்னான். அவர் இருமி இருமிச் சிரித்தார்.

"மரியாதையாம்! கொல்லத்தான் போறாங்க, அத மரியாதையோட கொல்றாங்க. செவ்வாக்கெழம குழுக்காரங்க எல்லாம் சந்தைக்குப் போயிருவாங்க. அப்பப் போயி வெட்டுப்பா. அடியில ரெண்டு மொட்டு விட்டுட்டு வெட்டு. பாவம் பாக்காத."

"மேவிஸ் சொன்னாங்கன்னு சொல்லிடறேன். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"அதான் கூடாதுங்கிறேன். நான் சொன்னேன்னா இந்த ஒரு தடவ அழுதுகிட்டே விட்டுருவாங்க. அடுத்த வருஷம் சொல்ல நான் எங்க இருப்பேன்? வருஷா வருஷம் வெட்டற ஆளு நீதான்னு ஊருக்குப் பழகணும். யாரு கேட்டாலும் நானாத்தான் வெட்டுனேன்னு சொல்லு. கண்டபடி திட்டுவாங்க. வாங்கிக்க. பதில் சொல்லாத, ரெக்."