விரால் தொட்டி

ஊத்துக்கோட்டை சாலையில் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே இருக்கும் கோய் என்ற அலங்கார மீன் பண்ணைக்குள் நுழைகிறேன். விரல் நீளக் குஞ்சுகளை ஒரு பெண் வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரிக்கிறார். சிவப்புத் திட்டு இருந்தால் வாளிக்கு. வெறும் வெள்ளையாக இருப்பதையெல்லாம் அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் வீசுகிறார். தண்ணீர் கொதிப்பதுபோல் விரால்கள் பாய்கின்றன.

"அக்கா, உயிரோடவா?"

"இன்னா சார் பண்றது? கலர் இல்லாதத எவன் வாங்குவான்? முன்ன கும்மிடிப்பூண்டி கம்பெனில செக்கிங்ல இருந்தேன். அங்கயும் இதே மாதிரி போல்ட்ட பிரிச்சிக்கினு இருந்தேன். போல்ட்டு துள்ளாது, அவ்ளோதான்."

"கோய் எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கினா அம்பது வருசம்கூட இருக்கும் சார்."

சொல்லிக்கொண்டே அடுத்த பிடியை வீசுகிறார்.