ரேடியோவின் காது

"வண்டி ஊமையாயிடுச்சுப்பா," என்றார் வாடகைக் கார்க்காரர்.

"எப்ப இருந்துண்ணே?"

"நேத்து மழையில இருந்து. பாட்டு இல்ல, போன் பேச முடியல, திரையும் இருட்டு. உனக்குத்தான் வாய் ஓயாதே, அதுக்குக் கொஞ்சம் தானம் பண்ணு."

"பண்ணினா நீங்க வண்டிய விட்டுட்டு இறங்கி ஓடிடுவீங்க."

அந்தப் பேச்சுக்காகவே பட்டறையில் எலக்ட்ரீஷியனுக்கு 'ரேடியோ' என்று பேர். பில் மேசையில் இருந்த அவர் மனைவியின் தங்கை, சிரிப்பை வழக்கம்போல உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்தக் காரில் திரை, போன் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே ஒளிக்கம்பி வளையமாகக் கோத்திருந்தார்கள். "குழந்தைங்க கைகோத்து வட்டமா நிக்கிற மாதிரிண்ணே. ஒருத்தன் கையை விட்டா எல்லாரும் கப்சிப்."

ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி வளையத்தை இணைத்துப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் ஈரம் குடித்திருந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றியதும் திரை பளிச்சென்று விழித்தது. வேறொன்றைப் பொருத்தினார். பாட்டு வந்தது.

"அதெல்லாம் சரி, இந்தக் கீச்சு என்ன?"

"எந்தக் கீச்சு?"

வேடிக்கை என்று நினைத்துக் கார்க்காரர் சிரித்தார். மேசை வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கொசு ரீங்காரம். ரேடியோ பேச்சை நிறுத்தினார். அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டில் அலாரம் அலறும், அத்தான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சோம்பேறித்தனம் என்று அக்கா திட்டுவாள். பேச்சு அவர் காதில் விழும்; இப்படிக் கீச்சிடுகிற சத்தம்தான் விழாது போலிருக்கிறது. ஓயாமல் பேசுகிறவரிடம் காது கேட்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

"என்ன ரேடியோ, காதுல பஞ்சா?" வாசலில் இருந்து முதலாளி குரல் கொடுத்தார். கண் மங்கிப்போன பெயிண்டரைக் கார் கழுவ அனுப்பியவர் அவர்.

அவள் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு போய், டிரைவர் கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி காருக்குப் பின்னால் நின்றாள்.

அவசரத்தில் ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியைப் பெயிண்ட் பூசிய போல்ட்டிலேயே முடுக்கியிருப்போம், எர்த் பிடிக்காமல்தான் ஸ்பீக்கர் கீச்சிடுகிறது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கழற்றினார், கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார், மறுபடி முடுக்கினார். எஞ்சினை உறுமவிட்டுக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

கீச்சு இப்போது இல்லை என்று அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"போயிடுச்சுண்ணே!" என்றார் ரேடியோ, தானே கேட்டவர்போல.

சாயங்காலம் இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் திருப்பத்தில் தெரிந்த பிறகுதான் அத்தான் சொன்னார்:

"நாளையில இருந்து, வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி பின் சீட்டுல ஒரு நிமிஷம் உக்காருவியாம்மா? நீ ஒண்ணும் பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. காது விஷயத்த அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."