எக்கோவைத் திருகிய கை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் உடைந்த ரேடியோக்களிலிருந்து ஆம்பிளிபயர் செய்தவன். சாவகச்சேரியில் சொந்தமாக சவுண்ட் சேர்விஸ் நடத்தினவன். சண்டைக்குள்ளும் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினவன். அப்படிப்பட்டவனை மகள் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு, மில்லிக்கன் பிளாசா வாசலில் இருத்திவிட்டு மரக்கறி வாங்கப் போயிருக்கிறாள்.

கார்கள் நிற்கும் இடத்தில், கும்பியா என்ற தென்னமெரிக்க ஆட்டப் பாட்டு வாசிக்கும் ஒரு பாண்ட் வாசித்துப் பார்க்கிறது. கிற்றார்க்காரி ரஞ்சி எங்கள் ஆள்தான். பகலில் பஸ் ஓட்டுகிறார்.

“அக்கோடியன் இருந்த இடத்தில எலக்ட்ரிக் கிற்றாரை வச்சது பெரு நாட்டில ஒரு பழைய பாண்ட், அங்கிள். நாங்கள் எல்லாம் அவையைப் பாத்துத்தான் வாசிக்கிறம். அந்தச் சத்தம் மட்டும் வருகுதில்லை.”

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், எனக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களின் புதுமாதிரி சவுண்ட் மிக்சரில் கை வைக்கிறேன். அத்தனை பொத்தானிலும் எனக்குத் தெரிந்தது எக்கோ ஒன்றுதான். திருவிழாவில் திருகுவதுபோல் முழுதாகத் திருகுகிறேன். கிற்றார் கிணற்றுக்குள்ளிருந்து அழுகிறது. கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளிக்கிறேன்.

“ஆர் உந்த எக்கோவைத் திருகினது?” ரஞ்சி கேட்கிறார்.

நான் வானத்தைப் பார்க்கிறேன்.

“அங்கிள், இதுதான் அந்தச் சத்தம்.”

கை தானாக வெளியே வருகிறது.

“அப்ப மைக்கில சொல்லுங்கோ பிள்ளை. ஒலி அமைப்பு, சாவகச்சேரி மணியம். எங்கட ஊரில என்ர பேரை ரெண்டு தரம் சொல்லுறவை.”