மருதடி விலக்கில் வண்டி நிற்கும்

திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் முக்கூடலுக்கும் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் தேவசிகாமணி கண்டக்டர். மீசை அரும்பிய வயதில் பையை மாட்டியவர். இது நடந்த தொண்ணூற்றைந்தாம் வருஷத்தில் காதோரம் நரைத்துவிட்டது. ஊர்ப்பாதை பிரிகிற எந்த விலக்கில் யார் ஏறுவார், யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த மடையில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் டிக்கெட் கிழிக்கும்போதே காதில் விழுந்துவிடும். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மகள் ஃபெபி ஆரம்பிப்பாள்.

"அப்பா, இன்னைக்கு ரூட்டுல என்ன செய்தி?"

அவளுக்கு அது தேவைப்பட்டது. பத்தாம் வகுப்புப் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது அவள்தான். உலகம், நாடு இரண்டையும் பேப்பரில் பார்த்துக்கொள்வாள். கடைசியில் வரும் உள்ளூர்ச் செய்தி அப்பா கொடுப்பது.

பள்ளிக்கூடம் ரோட்டோரம். பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு ஜங்ஷன் போய்த் திரும்பும் வேளையில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் டிரைவர் நூகு வண்டியை உருட்டுவார். காயல்பட்டினத்துக்காரர், சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்கிற முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் ஃபெபியின் குரல் வரும். வண்டிக்குள் சந்தைக்காரிகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"வே சிகாமணி, உம்ம மக ரேடியோ ஸ்டேஷனுக்கே போயிருவா. அங்கயும் பின்னால நின்னு டிக்கெட் கிழிப்பீராக்கும்?"

"போங்க காக்கா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பார் தேவசிகாமணி. விசிலை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்துக்கொள்வார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் போகும். பள்ளிச் சுவரைத் தாண்டும்போது மட்டும் அந்த இரண்டாவது விசில் கொஞ்சம் நீளமாக வரும்.

அந்த வருஷம் ஆற்றோர ஊர்களில் சாதிக் கலவரம் வந்தது. மருதடி விலக்கில் ஒரு சாயங்காலம் கல் விழுந்து முன் கண்ணாடி நொறுங்கியது. நூகின் நெற்றியில் தையல். எறிந்தது மருதடிக்காரனா, மருதடிக்காரர் மேல் பழி போட வந்தவனா என்று யாருக்கும் தெரியாது. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இனிமே அந்த விலக்குல நிப்பாட்டக் கூடாது. யாராவது கேட்டா நிக்கும்னே சொல்லுங்க. வெளிய தெரிஞ்சா பெர்மிட்டுக்கு ஆபத்து."

அவ்வளவுதான் உத்தரவு. மருதடிக்கு வேறு பஸ் கிடையாது. அடுத்த நிறுத்தம் மூன்று மைல் தள்ளி, கலவர நேரத்தில் அந்த வழியே பிள்ளைகளை யாரும் நடக்க விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலும் சட்டம் வந்தது. கையில் சாதிக்கொரு கலர்க் கயிறு கூடாது. காலைக் கூட்டத்தில் சண்டை, சாதி, ஊர்ப்பேர் எதுவும் வாயில் வரக்கூடாது. சட்டம் போட்ட ஹெட்மாஸ்டர் பெரிய சாரைக் குறை சொல்லவும் வழியில்லை. முந்தின வருஷம் மைதானத்தில் மண்டை உடைந்த பையனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். அந்தச் சட்டையை அப்புறம் அவர் போடவே இல்லை.

ஒரு ராத்திரி ஃபெபி கேட்டாள். "எங்க கிளாஸ் சொர்ணாம்பாள் ஏம்ப்பா பள்ளிக்கூடத்துக்கே வரலை? மருதடிப் பிள்ளைய ஒருத்தரும் வரலை."

"ஏளா, வண்டி நின்னாத்தான வருவாவ?" என்று சொல்லிவிட்டார். சோற்றைப் பிசைந்தபடி முதலாளி சொன்னதையும் சொன்னார்.

"நீங்க விசில் ஊதுனா நிக்கும்லாப்பா?"

"ஊதலாம். மறுநாள் பை வேற ஆளு தோள்ல கிடக்கும்."

மறுநாள் காலை பள்ளிச் சுவரருகே வண்டி உருண்டது. ஃபெபியின் குரல் தெளிவாக வந்தது. "உள்ளூர்ச் செய்தி. மருதடி விலக்கில் சில நாட்களாகப் பேருந்து நிற்பதில்லை. அந்த ஊர் மாணவர்கள் நம் பள்ளிக்கு வர முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அவர்கள் எப்படி வருவார்கள்?"

ஒலிபெருக்கி கர்ரென்று இரைந்து நின்றது.

நூகு திரும்பிப் பார்த்தார். "வே, இது நீரு சொன்னதா?"

"ராத்திரி சோறு திங்கையில சொன்னேன், காக்கா."

மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குப் பல் போயிற்று. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து தேவசிகாமணிக்கு ஆள் வந்தது. காக்கிச் சட்டையோடு போய் நின்றார். ஃபெபி கதவோரம் நின்றிருந்தாள்.

"உக்காரும்" என்றார் பெரிய சார். "உங்க முதலாளிக்கு போன் போட்டேன். எல்லா விலக்குலயும் வண்டி நிக்குதுன்னு சொல்லுதாரு. உம்ம மக, எங்கப்பாதான் சொன்னாவன்னு நிக்கா. எது நெசம்?"

தேவசிகாமணி உட்காரவில்லை.

"நெசமா இருந்தா எனக்கு இன்னும் கஷ்டம்வே" என்று பெரிய சார் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கே ஒரு கூட்டம் பஸ்ஸ மறிக்கப் போவும், இன்னொரு கூட்டம் அவனுவள அடிக்கப் போவும். இது பொய்யாப் போனாத்தான் நான் பள்ளிக்கூடம் நடத்த முடியும். பொய்னா, பிள்ளை தெரியாம வாசிச்சிட்டா, மன்னிச்சு விட்டுருதேன். இல்லைன்னா டி.சி.தான். நடு வருஷத்துல பத்தாம் வகுப்புல எவனும் சேக்க மாட்டான்."

"அப்பா, நீங்கதான சொன்னிய?" என்றாள் ஃபெபி.

அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலை, சார். எங்கயோ கேட்டத வாசிச்சிட்டா. வண்டி நிக்கத்தான் செய்யுது."

வீட்டில் அவர் மனைவி ஜெபராணி, "நல்லதுதான் செஞ்சிய" என்றாள். அதைக் கேட்டதும் தட்டை விட்டு எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை நூகு வழக்கம்போல வண்டியை உருட்டினார். "வேண்டாம் காக்கா, வேகமா மிதிங்க" என்று தேவசிகாமணி சொல்வதற்குள் குரல் வந்துவிட்டது.

"நேற்று நான் வாசித்த உள்ளூர்ச் செய்தி தவறானது. மருதடி விலக்கில் பேருந்து நிற்கிறது." தடுமாற்றமே இல்லை. மற்றச் செய்தியைப் போலவே வாசித்தாள்.

பின் சீட்டில் பீடி இலைச் சுமையோடு சொர்ணாம்பாளின் அம்மா வடிவம்மாள் இருந்தாள். "கேட்டியளா அண்ணாச்சி? நிக்குதாம்லா! மருதடி விலக்கு ஒண்ணு குடுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் அன்றாடம் போலவே அடுத்த நிறுத்தமான ஆற்றுப்பாலத்துக்குக் கிழித்தார்.

"இது பாலத்து டிக்கெட்டுல்லா? வாசிச்சது உங்க மகதான?"

"ஆமா."

"பிறகென்ன?"

டிக்கெட்டை அவள் கையில் வைத்துவிட்டு முன்னால் போனார்.

மருதடி விலக்கு வந்தது. சுமையை வாங்கிக்கொள்ள சொர்ணாம்பாள் மரத்தடியில் நின்றிருந்தாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினாள். வடிவம்மாள் சுமையைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்துவிட்டாள். நூகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தார். வண்டி தானாக வேகம் குறைந்தது. கண்ணாடியில் அவருடைய கண் இவரையே பார்த்தது. ஒரு விசில் போதும்.

தேவசிகாமணி இரண்டு ஊதினார்.

வடிவம்மாள் திட்டவில்லை. பாலத்தில் இறங்கி, சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அரையாண்டுத் தேர்வை மருதடிப் பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. தையில் வண்டி மறுபடி நிற்க ஆரம்பித்தபோது சொர்ணாம்பாள் மடியில் பீடித் தட்டு ஏறியிருந்தது. ஃபெபி பத்தாம் வகுப்பில் தேறினாள். வருஷம் முடியும்வரை அவளேதான் செய்தி வாசித்தாள். பவுன் விலை, அணையின் நீர்மட்டம், வெயில் அளவு. பேப்பரில் எது இருக்கிறதோ அது.

ராத்திரி சாப்பிட உட்காரும்போது தேவசிகாமணி சில நாள் தானாகவே ஆரம்பிப்பார். "இன்னைக்கு முக்கூடல்ல என்ன தெரியுமா..."

"குழம்பு ஊத்தவாப்பா?" என்பாள் ஃபெபி.

ஊற்றச் சொல்வார்.