மாமாவின் கொழும்புக் கை

எனக்குப் பயம் வந்தால் முதலில் கை கால் ஓடும். பிறகு வாய் உளறும். எல்லாம் நடந்து முடிந்த பிறகு மூளை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும். ஐம்பதை நெருங்கியும் இந்த ஒழுங்கு மாறவில்லை. போன கிழமைகூட இரத்தம் எடுக்க வந்த தாதி பெயரைக் கேட்டபோது, ஊசியைப் பார்த்தபடியே என் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்தத் திறமையை நான் முதன்முதலாக ஊரறியக் காட்டியது என் மூத்த சகோதரி, ராத்தாவின் கலியாணத்தில். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

அதற்கு இரண்டு போகத்துக்கு முன்னால் மாமாவின் வலக்கை போயிருந்தது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் கலியாணமோ கந்தூரியோ, அடுப்பில் சோறாக்கும் கிடாரத்தை ஏற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோக்கியார் என்று சொன்னால் போதும், பெயர் தேவையில்லை. மாவடிப்பள்ளி வயலில் சூடடிக்கும் மெசினுக்குள் கதிரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கதிரோடு கையும் போனது. முழங்கைக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத்தான் மிஞ்சியது.

கை போனதால் அவருக்குச் சமையல் மறந்துவிடவில்லை. ஆனால் எங்கள் விருந்து சகன் விருந்து. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே குவியலில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். வைப்பது வலக்கை. இடக்கைக்கு வேறு உத்தியோகம் இருக்கிறது. அதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கையால் கிண்டி, அந்தக் கையால் உப்புப் பார்த்த சோற்றை யார் பிஸ்மி சொல்லி வாயில் வைப்பார்கள்? இதை ஒருவரும் மாமாவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. வேறு கோக்கியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மாமா வீட்டு முற்றத்தில் கிடாரங்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின்மேல் ஒரு கோழி ஏறி நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவும் யாருடனும் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். மாமி சோற்றுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பார், கதவு சாத்திக்கொள்ளும்.

ராத்தாவின் கலியாணம் பேசி முடிந்ததும் யார் சமைப்பது என்ற கேள்வி வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் மருதமுனை. அவருடைய வாப்பா தறிகள் வைத்திருந்த, கண்டிப்பான மனிதர். சோறு ஆக்கும் கையைப் பற்றி அவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள் என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி வந்தது. உம்மா அதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சொன்னார்: "என்ட தம்பி ஆக்காட்டி இந்த ஊட்டுல அடுப்பே எரியாது."

வாப்பா இரண்டு பக்கமும் அடிவாங்காமல் வாழத் தெரிந்தவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போய், மாமாவுக்குக் கொழும்பிலிருந்து புதுக் கை வந்திருக்கிறது, இனி வலக்கைச் சமையல்தான் என்று அறிவித்துவிட்டு வந்தார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டோம். இந்தச் சோறு சரிவந்தால் மாமா மறுபடியும் கோக்கியார். பிசகினால் கோழிக்கு அந்தக் கிடாரம் நிரந்தரம். இது எனக்குக்கூட விளங்கியிருந்தது.

கொழும்புக் கை உண்மையில் இருந்தது. ரப்பர். முழங்கைவரை வாரால் இழுத்துக் கட்டவேண்டும். விரல்கள் பாதி மடங்கி, யாருக்கோ சலாம் கொடுக்கப் புறப்பட்டு நடுவழியில் நின்றுவிட்டதுபோல் இருக்கும். நிறம்தான் வம்பு, யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்காகச் செய்த கை. மாமாவோ நல்ல கறுப்பு. மற்ற எல்லாம் எங்கள் மாமா, அந்த ரோஸ் நிறக் கை மட்டும் விருந்தாளி. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. திறந்த வாயில் மிளகாய் வைப்பதாக என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

கலியாணத்தன்று எனக்குக் கிடைத்த உத்தியோகம் காகம் விரட்டுவது. குசினிக்குப் பின்னால் வாங்குப் பலகையில், இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத் தட்டுகளை ஆறவைத்திருந்தார்கள். நானோ வீட்டின் மற்றப் பக்கத்தில், மாமாவின் அடுப்படியிலேயே நின்றேன். மாமா நீளக்கைச் சட்டை போட்டு, ரப்பர் விரல்களுக்குள் தோணித் துடுப்பைச் சொருகி, கிடாரத்தில் இறைச்சியை வதக்கிக்கொண்டிருந்தார். துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் விரல்களிலிருந்து நழுவியது. வார் தளர்ந்து கை ஒரு பக்கம் திரும்பியது. மாமா பல்லால் வாரை இழுத்து இறுக்கினார். மறுபடி நழுவியது. அடியில் மெல்லிய கருகல் வாசம். மாமாவின் முகத்தில் வியர்வையைவிட வேறேதோ இருந்தது.

"காகத்தைப் பாக்கச் சொன்னா நீ என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிற. போய்ப் பக்கத்து ஊட்டுல ரம்பை இலை வாங்கிட்டு வா."

பக்கத்து வீட்டுக்காரி ரம்பை வெட்டித் தருவதற்குள் ராத்தாவின் சீதனம் முழுவதையும் விசாரித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது மாமாவின் சட்டைக் கை சுருட்டி ஊசி குத்தியிருந்தது. கை இல்லை.

வாழ்க்கையில் நான் பார்த்த சமையலிலேயே ஆகப் பெரிய சமையல் அப்போது நடந்துகொண்டிருந்தது. சாரத்துண்டைக் கிழித்துத் துடுப்பை அந்த ஒரு சாண் கையோடு இறுகக் கட்டி, கக்கத்தில் நெருக்கி, இடக்கையால் அதன் கழுத்தைப் பிடித்திருந்தார் மாமா. கைகள் கிண்டவில்லை, ஆளே கிண்டினார். தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் போய் ஒரு பக்கம் வந்தன. கடலில் தோணி வலிப்பவர்கள்கூட அப்படி வலித்து நான் பார்த்ததில்லை. கருகல் வாசம் போய், நெய்யும் ஏலக்காயும் எழும்பி வந்தன. பிறகு துடுப்பை அவிழ்த்தார். அகப்பையில் கொஞ்சம் குழம்பு எடுத்து, ஊதி, வலக்கை முடிந்துபோன அந்த மழுங்கிய நுனியில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். உப்புப் போதும் என்று தனக்குத்தானே தலையாட்டினார். நான் ரம்பையைக் கொடுக்க மறந்து நின்றேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. தளர்ந்த வார். நழுவிய கை. இப்போது கை இல்லை. அடுப்படியில் தேடினேன், விறகுக்குள் தேடினேன், கழுவிய அரிசிக்குப் பக்கத்தில் தேடினேன். மிச்சம் ஒரே இடம்தான். மாமா அந்த இடத்துக்குள் அரிசியைக் கொட்டி, மூடியைப் போட்டு, விளிம்பைக் கோதுமை மாவால் பூசி அடைத்து, மேலே சிரட்டைத் தணலைப் பரப்பினார். கொழும்புக் கை புரியாணிக்குள் தம்மில் வேகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது உள்ளே கிடக்கிறது என்று தெரிந்தும் மாமா வாய் திறக்காமல் ஆக்கி முடித்த துணிச்சல்தான் எனக்கு விளங்கவில்லை.

உம்மாவிடம் சொல்லலாம் என்று ஓடினேன். நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் உம்மா தனியே நின்று, யன்னல் வழியே அடுப்படியைப் பார்த்தபடி, முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கலியாண வீட்டில், பட்டுச் சேலையோடு. விசயம் உம்மாவுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"உம்மா, மாமாட..."

"ஒண்டும் கதைக்காத மனே. அல்லாஹ் பாத்துக்குவான்."

அல்லாஹ் பார்த்துக்கொள்வான், சரி. ஆனால் சகனில் வந்தால் மருதமுனையாரும் பார்ப்பார்களே. கை எந்தச் சகனில் வரும் என்பதுதான் இப்போது கேள்வி. தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு, தாகம் தீர்க்கும் நல்ல பிள்ளையாகப் பந்தலுக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு சகனாகக் குனிந்தேன். யாராவது ஆழமாக அள்ளினால் இன்னும் குனிந்தேன். ஒரு மச்சான் முட்டையை எடுத்தபோது நான் கத்தாமல் இருந்தது பெரிய காரியம். ஒரு பெரியவர், இந்தப் பொடியனுக்குச் சோறு கொடுக்கவில்லையா, சகனையே பார்க்கிறானே என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் வாப்பாவுடைய சகன் நடுப்பந்தலில் இருந்தது. பாதிக் குவியல் முடிந்திருந்தது. அவர் கண்டிப்பை மறந்து நன்றாக அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய பக்கத்துச் சோறு மெல்லச் சரிந்தது. உள்ளே, சாயம் போட்ட சோற்றுக்கு நடுவில், ரோஸ் நிறத்தில், நுனி மழுங்கிய ஒரு விரல்.

வலக்கையில் செம்பு. மூளையின் பஸ் இன்னும் வரவில்லை. இடக்கை தானாகப் போய், அவருடைய விரல்களுக்கும் சோற்றுக்கும் இடையில் புகுந்து, அதைப் பிடுங்கியது.

இடக்கை. சகனுக்குள். சம்பந்தி வாப்பாவின் சகனுக்குள். அந்தப் பக்கத்தில் பரிமாறிக்கொண்டு நின்ற என் வாப்பா மாட்டிறைச்சிக் கறி வாளியோடு அப்படியே நின்றார்.

"என்னடா எடுத்த?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

கையை விரித்தேன். கோழிக்கால். அதன் எலும்பு முனை.

அடுத்தது வாயின் முறை. "மாமாட கை எண்டு நெனச்சன்."

யாரோ ஒருவருக்குப் புரையேறியது. பந்தலின் பின்பக்கத்துச் சீலை விலகியது. மாமா வந்தார். ஊசி குத்திய சட்டைக் கையோடு, அத்தனை பேருக்கும் நடுவால் நடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மிகவும் அமைதியாகப் பேசினார்.

"பயப்பிடாதீங்க, என்ட கை வெளிய இரிக்கு. அது துடுப்பப் புடிக்குதில்ல. சோறு அடி புடிச்சிரும் எண்டு கழட்டிட்டன். இது முழுக்க இந்தக் கையாலதான் ஆக்கின." இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "தின்ன மனமில்லாட்டிச் சொல்லுங்க. குறை நினைக்க மாட்டன். எடுத்திட்டுப் போறன்."

மாப்பிள்ளையின் வாப்பா தன் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். மாமாவின் சட்டைக் கையைப் பார்த்தார். என் இடக்கையையும் அதிலிருந்த கோழிக்காலையும் பார்த்தார். ராத்தாவின் கலியாணம், மாமாவின் கிடாரம், என் வாப்பாவின் மரியாதை எல்லாம் அந்த உருண்டையில் இருந்தன. அது மேலே போகிறதா கீழே போகிறதா என்று பந்தலே பார்த்தது.

மேலே போனது. நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"இவ்வளவு நேரமும் நல்லா உள்ள போன சோறு, இப்ப கதையக் கேட்டிட்டுத் திரும்பி வரவா போகுது?" என்றார். பிறகு தன் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் தள்ளி இடம் பண்ணினார். "இந்தப் பொடியன்ட இடக்கை பட்டாச்சி. இனி இதுல எந்தக் கை பட்டா என்ன? இரிங்க கோக்கியார். எங்களோட ஒரு வாய் தின்னுங்க."

மாமா நின்றார். பிறகு காலை மடித்து உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி, இடக்கையைச் சகனுக்குள் வைத்தார். ஒருவரும் கையை எடுக்கவில்லை. என் வாப்பா அவசரமாக வந்து அந்தச் சகன் முழுவதும் கறியை ஊற்றினார். பாதி சம்பந்தியின் சாரத்தில் ஊற்றினார். அப்போதும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

அடுத்த கிழமையே மருதமுனையிலிருந்து சமையலுக்குக் கூப்பிட ஆள் வந்தது. மாமா வீட்டுக் கோழி கிடாரத்திலிருந்து இறக்கப்பட்டது.

கலியாணத்தன்று பந்தல் வெறிச்சோடிய பிறகுதான் என் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. குசினிக்குப் பின்னால் ஓடினேன். மிஞ்சிய வட்டிலப்பத்தில் காகம் தொட்ட அடையாளமே இல்லை. வாங்குக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைக் கம்பு நட்டிருந்தது. அதன் உச்சியில் கொழும்புக் கை, பாதி சலாத்தோடு நின்றது. நான் செய்யாத வேலையை அது ஒழுங்காகச் செய்திருந்தது. எல்லோரும் போன துணிச்சலில் ஒரு காகம் மட்டும் பெருவிரலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கைய மறந்திட்டீங்க."

மாமா அதை வாங்கவில்லை. "அங்கேயே வெச்சிட்டு வா மனே," என்று சொல்லிவிட்டுத் தேய்த்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோருடைய வீட்டிலும் இருந்தார்கள். சொந்தக் கையையே மறந்து வைத்துவிட்டுச் சோறு ஆக்கப் போன மாமா எனக்கு மட்டும்தான் இருந்தார். உம்மா அழுததற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அன்று அவ்வளவு வெங்காயம் உரித்திருந்தார்கள்.