அப்பா தம்பியை ‘டேய்’ என்ற நாள்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான எமர்ஜென்சிக் காலம். ரந்தாவ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அனுமதிச் சீட்டுக் கொடுத்தால்தான் கேட்டைத் தாண்ட முடியும்.

அன்று என் சின்னத் தம்பிக்குக் கடும் காய்ச்சல். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா ஆபீஸ் வாசலில் நின்றார், நானும் நின்றேன். அவன் சிணுங்கவே, “அழாதீங்க ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சாமி” என்று தட்டிக்கொடுத்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சுவார்கள்.

கிராணி பேனாவை மூடினார். “இங்க ஐயா நான் ஒருத்தன்தான்லா. மூக்கொழுகுற பயலுக்கு என்ன மரியாதை? ‘டேய்’னு கூப்பிடு, சீட்டுத் தர்றேன்.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நியாயம் கேட்க வாய் திறந்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

“டேய்... அழாதடா.”

தம்பி அழுகையை நிறுத்திவிட்டு, யாரோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்தான். கிராணி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கேட்டைத் தாண்டியதும், “கோவமா சாமி? வேற வழியில்லாம சொல்லிட்டேங்க” என்று அப்பா அவனிடம் கெஞ்சினார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். பெற்ற பிள்ளையைக் கொஞ்சவும் ஒருவன் அனுமதி வேண்டுமா என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தக் கிராணியை அதன்பின் நான் ஐயா என்று அழைத்ததே இல்லை. எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காக அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன்.